மணலை முகர்ந்து வழி சொல்பவர்

மனிதர்களில் 'வழி தெரிந்தவர்' என்று ஓர் இனம் உண்டு. எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்றாலும், முதல் குளிர்கால மழை விழுந்து, ரியாத் ஜனங்கள் கூடாரத்தையும் குழந்தைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பாலைவனத்துக்குக் கிளம்பும் மாதங்களில்தான் இவர்களை முழு வளர்ச்சியில் பார்க்க முடியும். அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவார். இடுப்பில் கைவைத்துத் தொடுவானத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார். குனிந்து ஒரு பிடி மணலை எடுத்து, விரலிடுக்கில் ஒழுகவிட்டு, மிச்சத்தை மூக்கருகே கொண்டுபோய் "ம்..." என்பார். அந்த "ம்" முக்கியம். அதற்குப் பிறகு வண்டியில் இருக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது.

'தெரியாது' என்ற சொல் இவரிடம் கிடையாது. அதற்குப் பதிலாக, "பாதையை மாத்திட்டாங்க" என்பார். யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள், பாதையே இல்லாத பாலைவனத்தில் எதை மாற்றினார்கள் என்றெல்லாம் கேட்பது நாகரிகமில்லை. ஒரு குன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் குற்றம் குன்றுடையது. சூரியன் எதிர்பாராத பக்கத்தில் இறங்கினால், "குளிர்காலத்துல அப்படித்தான்" என்று அதை மன்னித்துவிடுவார்.

அபூ ராகானை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் கட்டணம் வசூலிக்கும் அலுவலகத்தில் துணை அதிகாரி. பிறந்தது ரியாத் ஆஸ்பத்திரியில், வளர்ந்தது மூன்றாவது மாடியில். அவருடைய தகப்பனார் துணிக்கடை வைத்திருந்தார். கடையிலிருந்து வீட்டுக்குப் போகவே டாக்ஸி வைத்துக்கொண்டவர். ஆனாலும் டயர் மணலில் பட்டதும் அபூ ராகானின் ரத்தத்தில் என்னவோ விழித்துக்கொள்ளும். வண்டியை நிறுத்தி, டயரில் காற்றை இறக்கிவிட்டு, அது சீறும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார். உள்ளே ஆட்டுத்தோல் வைத்துத் தைத்த பழுப்பு மேலங்கியைத் தோளில் போட்டுக்கொள்வார். செல்போனை எடுத்துத் துணிப்பைக்குள் திணித்துவிடுவார். "நாலு சுவத்துக்குள்ள இருக்கறவனுக்குத்தான் மேப்பு. எனக்கு எதுக்கு?"

முகாமில் அவர் செய்யும் ஏற்பாடுகளும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். கூடாரத்தின் வாசல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை விரலை எச்சில் தொட்டுக் காற்றில் நீட்டி முடிவு செய்வார். ராத்திரி காற்று வாசல் வழியாகவே வரும். தொழுகை விரிப்பைச் சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டு விரித்துவிட்டுப் போவார்; அவர் கைகால் கழுவி உளூ செய்யப் போன நேரத்தில் மனைவி ஹுஸ்ஸா வந்து கொஞ்சம் திருப்பிப் போடுவாள். இருபத்தைந்து வருஷமாக அந்தக் குடும்பத்தின் தொழுகை மக்காவை நோக்கிச் சரியான திசையில் நடந்துவருகிறது என்றால் அதற்குக் காரணம் இந்தத் திருப்பிப் போடுதல்தான். அவருக்குத் தெரியாது.

இன்றைக்குக் காலையில், 'சின்ன வயசில் பார்த்த' மழைக்குளம் ஒன்றைக் காட்டுவதாகக் குடும்பத்தை அழைத்துக்கொண்டு போனார். மலைப்பாறைக்கு அடியில் கண்ணாடி மாதிரித் தண்ணீர், சுற்றிலும் மஞ்சள் பூ, பறவைகள் வந்து இறங்கும். மூன்று தடவை மணல் முகர்ந்தார். கடைசியில் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் தேங்கியிருந்த ஒரு குட்டையின் முன்னால் வண்டியை நிறுத்தி, "இதான்" என்றார். அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்துகொண்டிருந்தது.

"பாறை எங்க வாப்பா?" என்றான் மகன் ராகான்.

"ரோடு போட ஒடைச்சிருப்பாங்க."

"பறவை?"

"பாறை இல்லாம பறவை எப்படிடா வரும்?"

மகள் அரீஜ் குட்டையைப் போட்டோ எடுத்தாள். ஹுஸ்ஸா ஃபிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றினாள். யாரும் சிரிக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு நல்ல பயிற்சி உண்டு.

ஆனால் இன்றைக்குச் சாயங்காலம் பயிற்சி மட்டும் போதாது. அரீஜைப் பெண் கேட்டு ஃபைஹான் என்ற பையனின் வீட்டார் முகாமுக்கே விருந்துக்கு வருகிறார்கள். இரண்டு தாய்மார்களும் ஏற்கெனவே நாலைந்து தடவை சந்தித்துப் பேசி, பிடித்துப்போய், நகையின் கனம் வரைக்கும் போய்விட்டார்கள். அரீஜுக்கும் பையனைப் பிடித்திருந்தது. கேட்டால், "உங்க இஷ்டம் உம்மா" என்றாள். ஆனால் காலையிலிருந்து மூன்று தடவை தலை வாரியிருந்தாள். மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. பையனின் தகப்பன் வந்து உட்கார வேண்டும். கையில் கொடுத்த கஹ்வாக் காப்பிக் கிண்ணத்தைக் குடிக்காமல் தரையில் வைக்க வேண்டும். "நான் கேட்டு வந்தது கிடைத்தால்தான் குடிப்பேன்" என்ற அர்த்தம் அதற்கு. பெண்ணின் தகப்பன் உடனே "அப்ஷிர்! குடிங்க, கேட்டது கிடைச்சாச்சு!" என்று சொல்ல வேண்டும். உடனே. யோசித்துச் சொன்னால் அவமானம். சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது.

இதில் என்ன சிக்கல் என்கிறீர்களா? போன வருஷம் இதே மாதிரி ஒரு வரன் வந்தது. அபூ ராகான் சொன்ன அடையாளத்தை நம்பிப் புறப்பட்ட அந்தக் குடும்பம் இருட்டும்வரை ஒட்டகக் கொட்டில்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்படியே வீட்டுக்குத் திரும்பி, வேறிடத்தில் பெண் எடுத்துக்கொண்டது. "வாசல்ல நின்னு கூப்பிடக்கூட ஆளில்லாத வீடு" என்று அவர்கள் சொன்னது உறவு முழுவதும் சுற்றி, கடைசியில் அரீஜின் காதுக்கும் வந்தது. இன்னொரு தடவை அப்படி நடந்தால் மூன்றாவது வரன் வராது. இது ஹுஸ்ஸாவுக்குத் தெரியும்.

அதனால்தான் மத்தியானம் கேட்டாள்: "அபூ ராகான், அவங்களுக்கு லொகேஷன் அனுப்பியாச்சா?"

"லொகேஷனா? ஆம்பளைக்கு ஆம்பளை போன்ல சொல்லிட்டேன். ஒட்டகச் சந்தையைத் தாண்டி, பழைய தண்ணி லாரி கிட்டத் திரும்பி, கறுப்புக் குன்றை எடது தோள்ல வச்சுக்கிட்டு, மனசு போதும்னு சொல்ற வரைக்கும் நேரா."

"அவர் என்ன சொன்னார்?"

"'எனக்கா வழி சொல்றீங்க?'ன்னார். நல்ல மனுஷன்."

ஹுஸ்ஸா கூடாரத்தின் பெண்கள் பக்கத்துக்குப் போய், பையனின் தாய் உம்மு ஃபைஹானுக்கு லொகேஷனை அனுப்பினாள். அங்கிருந்து உடனே பதில் வந்தது: 'கிடைத்தது. ஆனால் இவர் கேட்க மாட்டார்.'

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் தூரத்தில் தூசி கிளம்பியது. புழுதி படிந்த பழைய ஜீப் ஒன்று வந்து நின்றது. நரைத்த தாடிக்கு மருதாணி போட்ட மனிதர் ஒருவர் இறங்கினார். பின்னால் மனைவி, பேரப்பிள்ளைகள்.

அபூ ராகான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார். "வாங்க வாங்க! வெளிச்சம் வந்துடுச்சு எங்க முகாமுக்கு!" கன்னத்தில் முத்தம், மூக்கில் முத்தம். யார், எங்கிருந்து, என்ன விஷயம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கக் கூடாது. வந்தவர் கஹ்வா குடித்துச் சாப்பிடும்வரை அவருடைய பெயரைக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. நல்ல வழக்கம்தான். ஆனால் அது இந்த 'வழி தெரிந்தவர்' இனத்தின் கையில் அகப்படக் கூடாது.

பெண்கள் பக்கம் வந்த அம்மாளைப் பார்த்ததுமே ஹுஸ்ஸாவுக்குத் தெரிந்துவிட்டது. இது உம்மு ஃபைஹான் இல்லை. இந்த அம்மாளை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. முகமன் சொல்லிக்கொண்டே திரைச்சீலையை ஒரு விரல் அகலம் விலக்கினாள். அந்தப் பக்கம் ராகான் கஹ்வா ஊற்றிக்கொண்டிருந்தான். தாடிக்காரர் கிண்ணத்தை வாங்கினார். ஒரு கணம் பார்த்தார். குடிக்கவில்லை. தரையில் வைத்தார்.

"ராகான்!" என்று ஹுஸ்ஸா கூப்பிட்டாள். "வாப்பாவை ஒரு நிமிஷம்..."

"ஐயா, ஒரு விஷயமா வந்..." என்று ஆரம்பித்தார் தாடிக்காரர்.

"தெரியும்!" என்றார் அபூ ராகான், கண் கலங்கி. "சொல்லவே வேணாம். அப்ஷிர்! குடிங்க! வல்லாஹி, நீங்க கேட்டது கிடைச்சாச்சு. வேற யாரையும் விட மாட்டேன், என் கையாலயே செஞ்சு கொடுப்பேன்!"

திரைக்குப் பின்னால் அரீஜ் அம்மாவின் கையைப் பிடித்தாள். "உம்மா, யார் இவரு?"

தாடிக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும். எவ்வளவு பெரிய மனசு! வழி தவறிட்டோங்க. புள்ளைங்க விளையாடியே போன்ல சார்ஜை முடிச்சுட்டாங்க. பெட்ரோலும் கம்மி. நெடுஞ்சாலைக்கு வழி காட்டணும்."

கஹ்வா அடுப்பில் வேலங்கட்டை ஒன்று வெடித்தது.

வேறு எதைக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆடு கேட்டிருக்கலாம். கூடாரத்தையே கேட்டிருக்கலாம். இந்த மனிதர் கேட்டது, உலகத்தில் அபூ ராகானிடம் இல்லாத ஒரே பொருளை.

"வாப்பா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான் ராகான்.

"என் கையாலன்னு சத்தியம் பண்ணிட்டேன்டா."

ஹுஸ்ஸா திரைக்கு இந்தப் பக்கமிருந்தே சொன்னாள்: "அபூ ராகான், இப்ப அவங்க வந்துடுவாங்க. வாசல்ல நீங்க இல்லன்னா..."

"இதோ போயிட்டு இதோ வந்தேன். கறுப்புக் குன்று வரைக்கும்தானே!" மேலங்கியை உதறிப் போட்டுக்கொண்டார். போன் துணிப்பைக்குள்ளேயே கிடந்தது.

ராகான் விவரமான பையன். அப்பா வண்டியைத் திருப்புவதற்குள், ஜீப்பில் ஏறிய பெரியவருக்குத் தன் போனில் மேப்பைக் காட்டிக் காதோடு சொன்னான்: "நெடுஞ்சாலை அந்த மின்சாரக் கம்பம் தெரியுது பாருங்க, அதுக்கு நேர் பின்னால. பத்து நிமிஷம் கூட ஆகாது. வாப்பா மனசு நோகாம..."

"புரியுதுப்பா" என்றார் பெரியவர். "என் மச்சானும் இப்படித்தான்."

இரண்டு வண்டியும் கிளம்பின. அபூ ராகான் மின்சாரக் கம்பத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போனார். முதல் மணல்மேட்டைத் தாண்டியதும் பின்னாலிருந்த ஜீப் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு நன்றி சொல்லிவிட்டு, நெடுஞ்சாலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ராகான், "அவங்க தப்பிச்சாங்க" என்றான்.

"உங்க வாப்பா?"

"அவர் போய்க்கிட்டே இருக்கார் உம்மா."

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பானையில் விருந்துக்கான கப்ஸாச் சோறு வெந்துகொண்டிருந்தது. அரீஜ் நாலாவது தடவை தலை வாரவில்லை. சீப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். "போன வருஷமும் இதே நேரந்தான் உம்மா" என்றாள். ஹுஸ்ஸா உம்மு ஃபைஹானுக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"கேக்காதீங்க" என்றது மறுமுனை, தாழ்ந்த குரலில். "நான் எடதுன்னா இவர் வலது. ஃபைஹான் பின் சீட்டுல இருக்கான். நகரசபையில மேப்பு போடுற வேலை அவனுக்கு. இன்னைக்கு மாப்பிள்ளை, அப்பா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு வர்றான். இப்ப வண்டியை நிறுத்திட்டு இவர் எறங்கி நிக்கிறார்."

"மணலை எடுத்தாரா?"

"எடுத்துட்டார்... மோந்து பாக்குறார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஹுஸ்ஸா சொல்வதற்குள் மறுமுனை பரபரத்தது.

"இருங்க, இருங்க, இன்னொரு வண்டி வருது. ஒருத்தர் எறங்குறார். இவர் கிட்டப் போறார். ரெண்டு பேரும் சலாம் சொல்லிக்கறாங்க. வழி கேக்கப் போறார்னு நெனச்சேன். கேக்கல! 'சும்மா காத்து வாங்க நின்னேன்'ங்கறார் எங்க வீட்டுக்காரர். அந்த ஆளும் 'நானும்தான்'ங்கறார்... இப்ப அவரும் குனிஞ்சு மணலை எடுக்குறார்."

"பழுப்பு மேலங்கியா?"

"ஆமா."

"தோள்ல ஒரு பக்கம் நழுவிக் கெடக்கா?"

"ஆமா!"

"அது எங்க ஆள்" என்றாள் ஹுஸ்ஸா.

சம்பந்திகளாக ஆவதற்கு முன்பே இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் முழுக்கப் புரிந்துகொண்டார்கள்.

அங்கே நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பெண்ணின் தகப்பன், ஒருவர் பையனின் தகப்பன். "யார் நீங்க?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும், கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் பெயரைக் கேட்டால் ஊரைக் கேட்க வேண்டும், ஊரைக் கேட்டால் எங்கே போகிறீர்கள் என்று கேட்க வேண்டும், அதைக் கேட்டால் அவரும் திருப்பிக் கேட்பார். ஆகவே இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். இந்த வருஷத்து மணலில் ஈரம் பற்றாது என்பதில் ஒத்துப்போனார்கள். நல்ல முகாம்களெல்லாம் எந்தப் பக்கம் என்பதிலும் ஒத்துப்போனார்கள். இவருக்குத் தெரியும் என்று அவரும் அவருக்குத் தெரியும் என்று இவரும் நினைத்ததால் வந்த ஒற்றுமை அது. இரண்டு கைகளும் ஒரே திசையில் நீண்டன. அங்கே ஈராக் எல்லை வரைக்கும் ஒன்றுமில்லை.

"கிளம்பப் போறாங்க!" என்றாள் உம்மு ஃபைஹான். "நான் எறங்கிச் சொல்லிடவா, இவர்தான் சம்பந்தின்னு?"

"வேணாம்" என்றாள் ஹுஸ்ஸா. "ரெண்டு பேரும் வழி தவறி நின்னப்ப பொம்பளை வந்து சொல்லிக் கொடுத்தான்னு ஆகிடும். அப்புறம் ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்க மாட்டாங்க. ஒரு நிமிஷம் பிடிச்சு வைங்க."

"எப்படி?"

"செருப்பு அறுந்துடுச்சுன்னு சொல்லுங்க."

ஹுஸ்ஸா வெளியே வந்தாள். "ராகான், இருக்கற கட்டையெல்லாம் மேட்டுல போட்டுக் கொளுத்து."

"வாப்பா தீப்பொட்டி வச்சு மூட்டணும்பாரு, பெட்ரோல் ஊத்தக் கூடாதும்பாரு..."

"ஊத்து."

தீ ஆள் உயரத்துக்கு மேல் எழுந்தது. போனில் உம்மு ஃபைஹானின் குரலுக்குப் பின்னாலிருந்து இரண்டு ஆண்குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன: "அதோ! நான் சொல்லல?"

இரண்டு வண்டிகளும் முன்னும் பின்னுமாக வந்து நின்றன. அபூ ராகான் இறங்கி, தன் கூடாரத்தைப் பார்த்து, "இங்கதான் கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன்" என்றார். பையனின் தகப்பன் அபூ ஃபைஹான் இறங்கி, "நான் இங்கதான் வந்துக்கிட்டிருந்தேன்" என்றார். அப்போதுதான் இருவருக்கும் விஷயம் விளங்கியது. கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். தகப்பன் வாசலில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாதபடி, விருந்தாளியைப் பாலைவனத்தின் நடுவிலேயே போய் எதிர்கொண்டு அழைத்து வந்தவர் என்ற பெயர் அபூ ராகானுக்கு வந்து சேர்ந்தது. அவர் அதை மறுக்கவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அபூ ஃபைஹான் உட்கார்ந்தார். ராகான் ஊற்றினான். அபூ ஃபைஹான் கிண்ணத்தைத் தரையில் வைத்தார்.

அபூ ராகான் வாயைத் திறந்தார். மூடினார்.

வாழ்நாளில் எந்தப் பாடமும் கற்றுக்கொள்ளாத மனிதர் அவர். இன்றைக்குச் சாயங்காலம்தான் முதல்முறையாக ஒன்றைக் கற்றிருந்தார்: வந்தவர் என்ன கேட்கப் போகிறார் என்று தெரியாமல் வாக்குக் கொடுக்கக் கூடாது. கற்றுக்கொள்ள இதைவிட மோசமான நாள் கிடையாது.

"மொதல்ல..." என்றார் தயங்கி. "என்ன விஷயம்னு..."

அபூ ஃபைஹானின் முகம் இறுகியது. ஃபைஹான் தலை குனிந்தான். கிண்ணத்திலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

ஹுஸ்ஸா குரலை உயர்த்தினாள்: "ராகான், உங்க வாப்பாகிட்டச் சொல்லு. இவங்க வழி கேட்டு வந்தவங்க இல்ல. இவங்க வம்சத்துலயே இதுவரைக்கும் யாரும் யார்கிட்டயும் வழி கேட்டதில்லையாம், வீட்டம்மா சொல்றாங்க."

அபூ ஃபைஹான் நிமிர்ந்தார். "வல்லாஹி, உண்மை! எங்க பாட்டன் காலத்துலேர்ந்து யாரும் கேட்டதில்ல."

அபூ ராகான் அவரையே பார்த்தார். கண்ணில் நீர் தளும்பியது. இப்படிப்பட்ட குடும்பத்துக்குக் கொடுக்காமல் வேறு எந்தக் குடும்பத்துக்குத் தன் மகளைக் கொடுப்பார்?

"அப்ஷிர்!" என்றார். "குடிங்க! ஆறிடப்போகுது!"

பெண்கள் பக்கம் குலவைச் சத்தம் எழுந்தது. அதற்கு நடுவே அரீஜ் உம்மு ஃபைஹானின் பக்கம் சாய்ந்து, மெல்லக் கேட்டாள்: "ஃபைஹானும் இப்படித்தானா?"

"அவன் இதுவரைக்கும் பின் சீட்டுலதானேம்மா உட்கார்ந்திருக்கான்" என்றாள் உம்மு ஃபைஹான். "எனக்கென்ன தெரியும்."

சாப்பாடு முடிந்தது. இரண்டு தகப்பன்களும் நெடுஞ்சாலைக்கு எது குறுக்கு வழி என்று மணலில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். கப்ஸா அதிகமாகிவிட்டதால் அபூ ஃபைஹான் சாவியை மகனிடம் கொடுத்தார். ஃபைஹான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். கண்ணாடியைச் சரிசெய்தான். பக்கத்தில் உட்கார்ந்த அவன் தாய் போனில் வெளிச்சமிட்ட மேப்பை நீட்டினாள். திரையோரம் நின்ற அரீஜ் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் உம்மா" என்றான் ஃபைஹான். "வந்த வழிதானே."

வண்டி மின்சாரக் கம்பத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பியது. அரீஜ் உள்ளே போய்த் தன் போனை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உம்மா," என்றாள், "வாப்பாவுக்குத் தெரியாம அந்தத் தொழுகை விரிப்பை எப்படித் திருப்பிப் போடுவீங்கன்னு சொல்லித் தாங்க."

அபூ ராகானைப் பார்த்து நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் ஒன்று. இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வரும்போது, 'சூரியனை வலது பக்கம் வைத்துக்கொண்டு நேராகப் போயிருந்தாலே முகாம் வந்திருக்குமே' என்று உங்களுக்கு எங்காவது ஓர் இடத்தில் தோன்றியதா? தோன்றியிருந்தால், அடுத்த பயணத்தில் வண்டிச் சாவியை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் உட்காருங்கள். மாட்டீர்கள். தெரியும்.